அத்தியாயம் 7: சம்பளப் பட்டியலில் முதலாளியின் கடமைகள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமான கீரனூரிலும், அதற்கு வடக்கே மாத்தூரில் அமைந்த சிட்கோ தொழிற்பேட்டையிலும், பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு வெல்டிங் பட்டறையோ, லேத்துக் கூடமோ, அரிசி ஆலையோ, கல்லுடைக்கும் கிரஷரோ, ஹோட்டலோ, ஜவுளிக் கடையோ நடத்திவரும் முதலாளிமார், மாதம் பிறந்து சம்பளப் பட்டுவாடா முடிந்துவிட்டால் தம் பாரம் இறங்கிவிட்டதாக எண்ணுவது இயல்பு. சம்பளம் கொடுப்பது ஒரு கடமை. கொடுத்த சம்பளத்தைக் கணக்கில் ஏற்றி, அதிலிருந்து இன்ஷூரன்ஸ் சந்தாவைப் பிடித்து, தம் பங்கையும் அதனோடு சேர்த்து, உரிய தேதிக்குள் கட்டுவது மற்றொரு கடமை. இந்த இரண்டாவது கடமையின் பலன் கட்டிய மாதத்தில் எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. ஆதலால், சம்பளம் ஒரு நாள் தாமதமானாலும் மனம் பொறாத நல்லவர்கள்கூட, சந்தா விஷயத்தில் மட்டும் அசிரத்தையாக இருந்துவிடுகிறார்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டாவது கடமையைப் பற்றியது.

நோயினாலோ விபத்தினாலோ முதுமையினாலோ ஒருவர் நெடுங்காலம் பிறர் துணையின்றி இயங்க முடியாமல் போனால், அவருடைய பராமரிப்புச் செலவை ஏற்பதற்கென்றே தனியான பொது இன்ஷூரன்ஸ் திட்டங்கள் சில தேசங்களில் உண்டு. ஜெர்மனி 1995இல் இதைத் தொடங்கியபோது, முதலாளிகளுக்கு ஏற்படும் புதிய பாரத்திற்கு ஈடாக, ஒரு மாகாணம் நீங்கலாக மற்ற எல்லா மாகாணங்களிலும் ஒரு பொது விடுமுறை நாளையே கைவிட்டார்கள். ஜப்பானில் 2000ஆம் ஆண்டு முதல் நாற்பது வயது நிறைந்தவர்களிடம் இந்தச் சந்தா வசூலிக்கப்படுகிறது. தென்கொரியா 2008இல் அதே வழியைப் பின்பற்றியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2023 ஜூலை முதல் சம்பளத்தில் நூற்றுக்கு 0.58 வீதம் பிடிக்கிறார்கள். அங்கே பணம் முழுவதும் தொழிலாளியினுடையதே, பிடித்துக் கட்டும் பொறுப்பு மட்டுமே முதலாளியினுடையது. இந்தியாவில் இப்படி நெடுநாள் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு பொது இன்ஷூரன்ஸ் இல்லை. ஆயினும், உழைக்கும் மனிதன் படுத்துவிட்டால் மருந்தும், அவன் குடும்பத்துக்கு அன்றாட ஜீவனத்துக்கான பணமும், உறுப்பிழந்தால் ஆயுள் உள்ளவரை பென்ஷனும் கொடுக்கக்கூடிய ஒரு ஸ்தாபனம் நம்மிடையே இருக்கிறது. அதைத்தான் நாம் இ.எஸ்.ஐ. என்று மூன்றெழுத்தில் சொல்லி, அதன் ஆழத்தைப் பெரும்பாலும் அறியாமலே இருக்கிறோம்.

புதுக்கோட்டைச் சீமைக்கு இதில் ஒரு சரித்திரப் பொருத்தமும் அமைந்திருக்கிறது. கீரனூரையும் உள்ளடக்கிய புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் மாதத்தில் இந்திய யூனியனோடு இணைந்தது, இ.எஸ்.ஐ. சட்டம் அதே ஆண்டு ஏப்ரலில் நிறைவேறியது. பேராசிரியர் அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையை அஸ்திவாரமாகக் கொண்ட அந்தத் திட்டத்தை, 1952 பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரில் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். தமிழகத்தில் அது 1955இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது. இப்போது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது; 2025 நவம்பர் 21 முதல் அது அமுலில் உள்ளது. பெயரும் பிரிவு எண்களும் மாறினவேயன்றி, முதலாளி மாதந்தோறும் செய்யவேண்டிய காரியத்தின் சாரம் மாறிவிடவில்லை.

முதற்கண் யார் யார் இதற்குள் வருவர் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் ஸ்தாபனம் இதற்கு உட்பட்டது. அந்தப் பத்துப் பேரை எண்ணும்போது நிரந்தர ஆட்கள் மட்டும் என்றோ, மஸ்டர் ரோலில் பெயர் ஏறியவர்கள் மட்டும் என்றோ எண்ணக் கூடாது; தினக்கூலிக்கு வருகிறவர், காண்ட்ராக்டர் மூலம் வந்தவர், அதிகச் சம்பளம் வாங்குவதால் தமக்கே இன்ஷூரன்ஸ் இல்லாதவர் ஆகிய அனைவரும் எண்ணிக்கையில் சேர்வர். ஒருமுறை திட்டத்துக்குள் வந்த ஸ்தாபனத்தில் பிற்பாடு ஆட்கள் குறைந்து எட்டுப் பேரே மிஞ்சினாலும், திட்டத்திலிருந்து வெளியே போய்விட முடியாது. தனி மனிதர் என்ற முறையில் பார்த்தால், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர் இன்ஷூரன்ஸுக்கு உரியவர். உடல் ஊனமுற்றவருக்கு இந்த வரம்பு 25,000 ரூபாய். வரம்புக்குள் இருந்த ஒருவருக்குச் சம்பளம் உயர்ந்து வரம்பைத் தாண்டினால், அந்த மாதமே பிடித்தத்தை நிறுத்திவிடுவது பல கணக்குப்பிள்ளைகள் செய்யும் பிசகு. சந்தா ஆண்டு இரண்டு பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஏப்ரலில் 20,500 ரூபாய் வாங்கிய ஃபிட்டர் ஒருவர் ஜூலையில் 22,000 ரூபாய் வாங்கத் தொடங்கினால், செப்டம்பர் 30 வரை அவர் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறார். சந்தாவும் 22,000 ரூபாய் முழுவதன் பேரிலும் கட்டப்பட வேண்டும்.

சந்தாவின் விகிதம் 2019 ஜூலை 1 முதல் முதலாளிக்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளிக்கு நூற்றுக்கு 0.75. அதற்கு முன் இவை முறையே 4.75, 1.75 ஆக இருந்தன என்பதை நினைவில் வைத்தால், பாரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது விளங்கும். மாதம் 13,450 ரூபாய் வாங்கும் ஒருவருக்குத் தொழிலாளியின் பங்கு கணக்கில் 100 ரூபாய் 87 காசுக்குச் சற்று மேலாக வரும். காசை மேல் ரூபாய்க்கு ஏற்றி 101 ரூபாய் பிடிக்க வேண்டும். அவர் பொருட்டு முதலாளி கட்டுவது ஏறக்குறைய 437 ரூபாய். சராசரி நாட்கூலி 176 ரூபாய்க்கு மேற்படாதவரிடம் எதுவும் பிடிக்கக் கூடாது. எனினும் அவருக்கான முதலாளி பங்கைக் கட்டித்தான் ஆகவேண்டும். மொத்தத் தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் கணக்கேற்றி, சலான் எடுத்து, வங்கி மூலம் செலுத்த வேண்டும். தாமதித்த தொகைக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி; அபராத ஈடு அதற்கு மேல்.

சம்பளம் என்பதில் எது சேரும், எது சேராது என்ற கேள்வி இப்போது புதிய உருவம் எடுத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, தக்கவைப்புப் படி ஆகியவை சம்பளம். வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, ஓவர்டைம், போனஸ், கமிஷன் முதலியவை நீக்கப்பட்டவை. ஆனால் நீக்கப்பட்டவற்றின் கூட்டுத்தொகை ஒருவர் பெறும் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்பட்டால், மேற்பட்ட பகுதி சம்பளமாகவே பாவிக்கப்படும். மொத்தம் 20,000 ரூபாயில் அடிப்படையை 8,000 என்று காட்டி மீதியைப் பலவகைப் படிகளாகப் பிரித்தவர், 10,000 ரூபாயைச் சம்பளமாகக் கொண்டே கணக்கிட வேண்டும். படிகளைப் பெருக்கிச் சந்தாவைச் சுருக்கும் பழைய உபாயத்துக்கு இது ஒரு கரை கட்டியிருக்கிறது. கட்டியது நல்லதே என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் நோயாளியின் கைக்கு வரும் பணமும் அந்தச் சுருங்கிய சம்பளத்தைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது.

பிடித்தத்தைப் பற்றி இரண்டு விதிகளை ஒவ்வொரு முதலாளியும் தம் மேஜைக் கண்ணாடியின் கீழ் எழுதி வைத்துக்கொள்ளத் தகும். எந்த மாதத்துக்கான சந்தாவோ அந்த மாதத்துச் சம்பளத்திலிருந்து மட்டுமே தொழிலாளியின் பங்கைப் பிடிக்கலாம். ஏப்ரலில் மறந்துவிட்டு ஜூனில் சேர்த்துப் பிடிப்பதற்கு உரிமையில்லை, மறந்த தொகை முதலாளியின் செலவிலேயே போக வேண்டியது. அடுத்து, முதலாளி தம்முடைய 3.25 பங்கை எந்தப் பெயராலும் தொழிலாளியின் தலையில் ஏற்றக் கூடாது. வேலைக்குச் சேர்க்கும்போதே இரண்டு பங்கும் உன்னுடையது என்று பேசிக்கொள்வது சில இடங்களில் வழக்கமாக இருக்கலாம். அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை, தொழிலாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இல்லை.

பிடித்த பணம் யாருடையது என்பதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டியலில் பிடித்தம் என்ற கட்டத்தில் 101 ரூபாய் எழுதப்பட்ட க்ஷணத்திலேயே அந்தப் பணம் முதலாளியினுடையதாக இல்லாமற் போகிறது; அது அவரிடம் நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்லுகிறது. கச்சாப் பொருள் வாங்கவோ, மின்கட்டணம் கட்டவோ, ஒரு வாரம் கைமாற்றாக அதைப் புரட்டிக்கொள்ளவோ நியாயம் கிடையாது. பெரிய ஆலைக்கு வேலை செய்து கொடுத்துவிட்டு, பில் தொகை வந்து சேர இரண்டு மூன்று மாதம் காத்திருக்கும் சிறு பட்டறைக்காரரின் கஷ்டம் மெய்யான கஷ்டம். அதை எவரும் லேசாகப் பேசிவிட முடியாது. எனினும் கடன் வாங்கக்கூடிய இடங்கள் பல இருக்க, தொழிலாளியின் நோய்க்கால நிதி அவற்றுள் ஒன்றாகக் கூடாது. தம் பங்கைக் கட்டத் தவறுவதைவிட, பிடித்துக்கொண்டு கட்டாமலிருப்பதைச் சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்கிறது: புதிய தொகுப்பின்படி அதற்கு ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறைவாசமும், ஒரு லட்ச ரூபாய் அபராதமும் உண்டு.

பணத்தைக் காட்டிலும் முக்கியமானதாக நான் கருதுவது ஒன்று உண்டு. இந்த அத்தியாயத்தில் வாசகர் வேறு எதை மறந்தாலும் அதை மறக்கலாகாது. இணையதளத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு நேரிலும் சம்பளத் தொகைக்கு முன்பாக, அவருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்ட நாட்களின் எண்ணிக்கையை எழுதுவதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. தொகையைச் சரிபார்க்கும் முதலாளிகூட அந்தக் கட்டத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கணக்கு எழுதும் பிள்ளையின் கைக்கு வந்தது அங்கே விழுகிறது. ஆனால் பிற்காலத்தில் ஒருவருக்கு உதவி கிடைக்குமா, கிடைக்காதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தக் கட்டந்தான். நோய்க்கால உதவி பெற, ஆறு மாதப் பருவம் ஒன்றில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். அதாவது மாதத்துக்குச் சராசரியாகப் பதின்மூன்று நாள். மாதம் இருபத்தைந்து நாள் உழைத்த ஒருவருக்கு, சந்தாவை மிச்சப்படுத்தும் உத்தேசத்தோடு மாதம் பன்னிரண்டு நாளே வந்ததாக எழுதினால், ஆறு மாதத்தில் 72 நாளாகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இப்படி எழுதப்பட்டவர், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையுள்ள பலன் பருவத்தில் டைபாயிட் கண்டு படுத்தால், சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது வீதமாக ஆண்டில் 91 நாள் வரை அவருக்கு வரவேண்டிய பணம் வராது. குறைத்து எழுதியவர் அன்று மிச்சம்பிடித்தது சில நூறு ரூபாய்; இழந்தது ஒரு குடும்பத்தின் மூன்று மாதச் சாப்பாடு.

நீண்ட நோய்களில் இதன் விளைவு இன்னும் கொடியது. க்ஷயம், குஷ்டம், புற்றுநோய், பக்கவாதம், இடுப்புக்குக் கீழ் செயலற்றுப் போதல், தீவிர மனநோய் முதலிய 34 நோய்களுக்கு, நூற்றுக்கு எண்பது வீதம், இரண்டு ஆண்டு வரை தொடர்ந்து கொடுக்கும் நீடித்த நோய்க்கால உதவி ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் நெடுநாள் பராமரிப்பு இன்ஷூரன்ஸுக்கு மிக நெருங்கி வருவது இதுவே. இதைப் பெற, அவர் இரண்டாண்டு இடைவிடாத வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்திய நான்கு சந்தாப் பருவங்களில் 156 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கவும் வேண்டும். ஆகவே, சேர்ந்த தேதியைப் பிந்தி எழுதுவது, நடுவே ஒரு மாதம் பெயரை எடுத்துவிட்டு மறுபடி புதிய ஆளாகச் சேர்ப்பது, விடுப்பில் ஊருக்குப் போனவருக்குப் பூஜ்ய நாள் போடும்போது காரணம் என்ற இடத்தில் விடுப்பு என்பதற்குப் பதிலாக வேலையை விட்டு விலகினார் என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுவது ஆகிய சிறிய கைப்பிசகுகள், பின்னொரு நாளில் ஒரு பக்கவாத நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கின்றன. கிரஷர்களில் கல்தூசியை நெடுங்காலம் சுவாசித்ததனால் உண்டாகும் சிலிகோசிஸ், தொழில்வழி நோயாக, வேலைக் காயத்துக்குச் சமமாகவே கருதப்படுவது. அங்கும் அவர் எத்தனை காலம் அந்த வேலையில் இருந்தார் என்பதற்குச் சாட்சி சொல்லவேண்டியது முதலாளியின் பதிவேடேயாகும். கணக்குப்பிள்ளை விதைக்கிற அந்த எண்ணை நோயாளி அறுவடை செய்கிறார்.

வேலையில் ஏற்படும் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் அவர் உரியவர். தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு, நிரந்தர முழு ஊனத்துக்கு அதே விகிதம் ஆயுள் முழுவதும், உயிர் போனால் சார்ந்தவர்களுக்குப் பென்ஷன். இங்கேதான், புதிதாக வந்த ஆளை ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பெயர் பதியலாம் என்று ஒத்திப்போடும் பழக்கம் ஆபத்தாகிறது. பதியப்படாத ஆளுக்கு விபத்து நேர்ந்தால் உதவியை இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் கொடுத்துவிட்டு, அந்தப் பளுவை முதலாளியிடமிருந்தே வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆயுட்காலப் பென்ஷன் ஒன்றின் மூலதன மதிப்பு ஒரு சிறு பட்டறையின் மொத்த மதிப்பையே விழுங்கிவிடக்கூடும். மாறாக, உரிய நாளில் பதிந்து சந்தா கட்டிய முதலாளிக்கு, தொழிலாளர் நஷ்டஈட்டுப் பொறுப்பும் பிரசவகாலச் சம்பளப் பொறுப்பும் இ.எஸ்.ஐ.யின் பேரில் போய்விடுகின்றன. ஆதலால் ஆள் வேலைக்கு வந்த அன்றே ஆதார், குடும்பத்தினர் பெயர், புகைப்படம் ஆகியவற்றை வாங்கி இன்ஷூரன்ஸ் எண் எடுத்துவிட வேண்டும். விபத்து நேர்ந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதி, அறிக்கையைத் தாமதமின்றி அனுப்ப வேண்டும்.

காண்ட்ராக்டர் விஷயம் மாத்தூர்ப் பேட்டை போன்ற இடங்களில் தனிக் கவனத்துக்கு உரியது. வெல்டர்களும் கிரைண்டிங் ஆட்களும் மேஸ்திரி ஒருவர் மூலம் வருவார்கள். அவர்களுடைய சந்தாவை அவர் கட்டுவார் என்ற நம்பிக்கையில் பட்டறை உடையவர் சும்மா இருப்பார். சட்டத்தின் பார்வையில் முதற்பொறுப்பு பட்டறை உடையவருடையது. அவர் கட்டிவிட்டு காண்ட்ராக்டரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். கட்டாமல் காண்ட்ராக்டரைக் கைகாட்ட முடியாது. மேஸ்திரியின் பில்லைத் தீர்க்கும்முன் அந்த மாதத்துச் சலானையும் அதில் பெயர் பெயராக உள்ள பட்டியலையும் கேட்டு வாங்கி, தம் வாயிற்காவல் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, கோப்பில் வைப்பதே உத்தமமான வழி. சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, சலான்கள் ஆகியவற்றை ஐந்தாண்டுக்குக் குறையாமல் பாதுகாக்க வேண்டும்.

தொழிலாளி நோய்ச் சான்றிதழோடு படுத்திருக்கும் நாட்களில் அவரை விலக்குவதையும் தண்டிப்பதையும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் தன் 73ஆம் பிரிவில் தடுத்திருந்தது. பிரிவு எண் எதுவாயினும், அந்தத் தடையைத் தம் ஸ்தாபனத்தின் நியதியாகவே முதலாளி கொள்வது தர்மம். சான்றிதழ் பெற்ற நாளிலேயே கூலி வாங்கி வேலை செய்ததாகப் பட்டியலில் தவறுதலாக ஏறிவிட்டால், திருச்சியிலுள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் படுத்திருப்பவரின் உதவித்தொகை அந்த முரண்பாட்டினாலேயே தடைப்பட்டு நிற்கும். ஆகையால் நோய்விடுப்பு நாட்களை மாதக் கடைசியில் தனியே ஒருமுறை சரிபார்த்த பின்னரே கணக்கேற்ற வேண்டும்.

இறுதியாக, வயது முதிர்ந்து ஓய்வு பெறுகிறவரைப் பற்றி. ஐந்தாண்டுக்குக் குறையாமல் இன்ஷூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் மட்டும் கட்டி, தாமும் தம் மனைவியும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். வேலைக் காயத்தினால் நிரந்தர ஊனமுற்று விலகியவருக்கும் இதே சலுகை உண்டு. நாள் ஒன்றுக்கு ஐம்பது காசுக்கும் குறைவான செலவில் இரண்டு முதியவர்களுக்குக் கிடைக்கும் இந்த உதவியைப் பலர் பெறாமலே போவதற்குக் காரணம், அதைப் பற்றி அவர்களிடம் எவரும் சொல்லாமையும், முதலாளியிடமிருந்து உரிய சான்று வாங்காமையுமே. ஆகவே ஒருவர் ஓய்வு பெறும் மாதத்தில், அவருடைய இன்ஷூரன்ஸ் எண், வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, விலகிய காரணம் ஓய்வு என்பது ஆகிய நான்கையும் ஸ்தாபனத்தின் கடிதத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இணையதளத்திலும் விலகிய காரணமாக ஓய்வு என்றே பதிய வேண்டும். கொடுப்பதற்கு முன்பு, மனைவியின் பெயர் குடும்ப விவரத்தில் ஏறியிருக்கிறதா, ஆதாரில் உள்ளபடியே ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையானால் அவர் வேலையில் இருக்கும்போதே அதைத் திருத்திவிட வேண்டும்.